கை அடங்கிய பிள்ளை

தூக்கம் வந்துவிட்டால் மதுரனுக்கு அவன் கைகளே எதிரி. இரண்டு கையும் மேலே ஏறிக் கண்ணைத் தேடும். கண் அகப்படாவிட்டால் கன்னம், கன்னம் அகப்படாவிட்டால் காதோரம். பிஞ்சு நகம்தான் என்றாலும் பிளேடு மாதிரி இழுத்துவிடும். காலையில் அம்மா கிருஷாந்தி போர்வையை விலக்கிப் பார்க்கும்போது நெற்றியிலிருந்து மூக்கு வரை புதுசாக ஒரு சிவப்புக் கோடு ஓடியிருக்கும். பழைய கோட்டின் மேல் பொருக்குத் தட்டியிருக்கும். பனிக்காற்றில் கன்னம் இரண்டும் காய்ந்து சொரசொரத்துக் கிடந்தன. அதனால் அவன் இன்னும் பிறாண்டினான். பிறாண்டியது எரிந்தது. எரியவும் அழுதான், அழுதுகொண்டே மறுபடியும் பிறாண்டினான்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கையில் சாக்ஸை மாட்டிவிடு என்றாள் ஒருத்தி. கையையும் சேர்த்து வைத்துத் துணியால் இறுகச் சுற்றிப் போடு, எங்கள் பிள்ளைகளெல்லாம் அப்படித்தான் வளர்ந்தன என்றாள் இன்னொருத்தி. கிருஷாந்தி சாக்ஸ் மாட்டிப் பார்த்தாள். மதுரன் அதைச் சப்பிச் சப்பி ஈரமாக்கினான். ஈரத்தில் கை விறைக்க, முன்னைவிடப் பலமாக அழுதான்.

பூண்டுலோயாவுக்கு மேலே, மலை வளைவில் இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. அவர்கள் இருந்தது அதன் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்தில். மாதத்துக்கு ஒருமுறை அங்கே கிளினிக் நடத்த வரும் மருத்துவிச்சி ஜிப்ரியா மிஸ், மதுரனின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையில் மாட்டியிருந்த சாக்ஸை உருவி எடுத்தார்.

"தங்கச்சி, இவன் மூஞ்சியக் கீறணும்னு கீறல்ல. தூங்கத் தெரியாமத் தேடுறான். வாயில வைக்கக் கை வேணும் அவனுக்கு. நீங்க கையையே மறைச்சு வச்சா, புள்ள என்ன செய்யும்?"

"கைய விட்டாக் கீறுறானே மிஸ்."

"கீறுவான். கொஞ்ச நாளைக்குக் கீறத்தான் செய்வான். நீங்க நகத்தப் பாருங்க. குளிப்பாட்டின கையோட வெட்டி, ஓரத்தத் தேய்ச்சு விடுங்க. கன்னத்துக்கு இந்தக் களிம்பப் பூசுங்க. கம்பளிய மேல மேலப் போட்டு வேர்க்க வைக்காதீங்க. தூக்கத்துக்குச் சிணுங்கினா ஒடனே பாய்ஞ்சு தூக்க வேணாம். நெஞ்சில உள்ளங்கைய வச்சுக்கிட்டு இருங்க. கை கண்ணுக்குப் போனாப் புடிச்சு அமுக்காதீங்க. மெதுவா வாய்ப்பக்கம் திருப்பி விடுங்க. அவனாப் படிச்சுக்குவான்."

கிருஷாந்தி அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். நகம் வெட்டுவது ஒரு பூசை போல நடந்தது. லயத்து அறையான காம்பராவில் விளக்கைப் போட்டு, மடியில் பிள்ளையைக் கிடத்தி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவாள். தேய்த்த ஓரத்தைத் தன் கீழுதட்டில் வைத்துச் சோதிப்பாள். பிள்ளை சிணுங்கும்போது அருகே படுத்து, நெஞ்சில் கையை வைத்து, வாயை மூடிக்கொண்டு முனகலாக ஏதோ ஒரு ராகம் இழுப்பாள். கை கண்ணுக்குப் போகும். திருப்புவாள். மறுபடி போகும். மறுபடி திருப்புவாள். ஓடிப்போய்த் தூக்கிவிடு என்று உடம்பெல்லாம் சொல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஒரு மாலை, மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்த நேரம், கண்ணுக்குப் போன கை பாதி வழியில் நின்றது. தானாகவே கீழே இறங்கியது. இரண்டு விரல் வாய்க்குள் போனது. சப்புகிற சத்தம் கேட்டது. கிருஷாந்தி அசையவில்லை. பிள்ளையின் கண் மெல்லச் செருகுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவள் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"வந்து பாருங்களேன்," என்று கணவனைக் குசுகுசுத்துக் கூப்பிட்டாள்.

வினோஜன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். சாந்தமான ஆள், குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கமும் கிடையாது. ஆனால் பிள்ளை அழுகிற சத்தத்தை மட்டும் அவனால் தாங்க முடியாது. அழுகை தொடங்கினால் ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுவான். அன்றைக்கு அவன் சிரித்துவிட்டு, "படிச்சுட்டான் போல," என்றான்.

படித்தது அரைகுறைதான். ஒருநாள் விரலைத் தேடிப் பிடிப்பான், மறுநாள் மறந்துபோய்க் கீறிக்கொள்வான். அதற்குள் கிருஷாந்தியின் பிரசவ லீவு முடிந்துவிட்டது.

வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. தோட்டம் நடத்துகிறது. சுவரில் பழப் படங்களும் யானைப் படமும் வரைந்து, வாசலில் பெரிய பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லோர் வாயிலும் பிள்ளைக்காம்பராதான். அங்கே பிள்ளை பார்க்கிறவள் லோஜினி.

லோஜினி யாரோ எவளோ அல்ல. முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். கிருஷாந்திக்கு வலி கண்ட அன்று, சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வினோஜன் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போயிருந்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வரை கூடவே போனவள் லோஜினி. லொறியின் முன் சீட்டில் கிருஷாந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துபோனது. "ஒடச்சாலும் பரவாயில்லடி, புடிச்சுக்க," என்றாள் லோஜினி. பிள்ளையை முதலில் கையில் வாங்கியவளும் அவளே.

அதனால் கிருஷாந்தி அவளுக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தாள். நெஞ்சில் கை வைக்கிற விதம், கையைத் திருப்பிவிடுகிற விதம், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது வரை.

"நீ செய்ற மாதிரியே செய்றேன்டி. எனக்கும் அவன் புள்ளதானே," என்றாள் லோஜினி.

முதல் வாரங்கள் நன்றாக இல்லை. மாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து பிள்ளையை வாங்கும்போதெல்லாம் முகத்தில் புதுக் கீறல் இருந்தது. ஒருநாள் கண்ணுக்குக் கீழேயே இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. கிருஷாந்தி வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் முகம் வாடியதை லோஜினி பார்த்தாள்.

"மத்தப் புள்ளைங்களும் அழுவுதுங்க கிருஷா. எனக்கும் ரெண்டு கைதானே."

"நான் ஒன்னயச் சொல்லலடி."

வீட்டுக்கு வந்து வினோஜனிடம் சொன்னாள். "இப்பிடியே இருந்தாச் சரிவராதுங்க. நான் அக்கரப்பத்தனைக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டு, கொஞ்ச நாளைக்கு இவனோடயே இருந்துட்டு வாறேன். பழகிட்டான்னா அப்புறம் வேலைக்கு வரலாம்."

வினோஜன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பாப்போம், அவசரப்படாத," என்றான்.

அந்த வாரமே டவுனிலிருந்து பிள்ளைக்குச் சட்டை வாங்கி வந்தான். தடித்த துணியில், விரல் நுனியையும் தாண்டித் தொங்குகிற நீளக் கையோடு. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்றில் வாத்து. "குளிருக்கு நல்லா இருக்கும். புள்ளக்காம்பராவுக்கு இதப் போட்டு அனுப்பு," என்றான். அவன் தானாக எதுவும் வாங்கி வருகிறவன் இல்லை. கிருஷாந்தி அந்த வாத்துச் சட்டையைப் பிள்ளையின் மேல் வைத்து வைத்து அழகு பார்த்தாள். ஆனாலும் மனுசனுக்குப் பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கீறல் குறைந்தது. ஒன்று ஆறியது, அடுத்தது விழவில்லை. பொருக்கு உதிர்ந்து கீழே புதுத்தோல் வெளுப்பாக வந்தது. மாலையில் அவள் வந்து வாங்கும்போது மதுரன் அழாமல் கொள்ளாமல் பார்த்துக்கொண்டு கிடப்பான். வீட்டிலும் அப்படித்தான். தூக்க நேரத்தில் கொஞ்சம் சிணுங்குவான், கை இரண்டும் பக்கத்தில் அப்படியே கிடக்கும், பிறகு ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிவிடுவான்.

"கையடங்கிட்டான்டி ஒன் மகன்," என்றாள் லோஜினி. "தங்கமான புள்ள."

கிருஷாந்திக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்குப் பலன் வந்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் ஜிப்ரியா மிஸ் பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "அல்லாவே, கண்ணாடி மாதிரி ஆயிட்டுதே," என்றார். அங்கே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த தாய்மாரைப் பார்த்து, "இந்தத் தங்கச்சி எப்பிடிச் செஞ்சாங்கன்னு கேளுங்க," என்று அவளைப் பேச வைத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசியவள் இல்லை கிருஷாந்தி. ஆனாலும் பேசினாள். நகத்தை உதட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஓடிப்போய்த் தூக்காமல் பொறுக்கச் சொன்னாள். "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா புள்ள படிச்சுக்கும். நம்பணும்," என்றாள். பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளை நிறுக்க அழைத்து வந்திருந்த லோஜினி, முன் வாங்கில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

போகும்போது மிஸ் ஒரு கிலுகிலுப்பையை மதுரன் முன்னால் ஆட்டினார். அவன் கண்ணால் பார்த்தான். கை வரவில்லை.

"கைய நீட்ட மாட்டேங்கிறானே?"

"தூக்கக் கலக்கம் மிஸ்," என்றாள் கிருஷாந்தி, பெருமை குறையாமல்.

"வீட்ல வச்சுப் பாருங்க. நீட்டல்லன்னா அடுத்த கிளினிக் வரைக்கும் இருக்காம எங்கிட்டக் கொண்டு வாங்க."

அன்று சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் வினோஜனிடம் சொன்னாள். தான் பேசியதைப் பேசியபடியே நடித்துக் காட்டினாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிவில், "கெட்டிக்காரிதான்," என்றான். அந்தச் சந்தோசத்தில் மிஸ் கடைசியாகச் சொன்னது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

சட்டைகளைத் துவைக்கும்போது கைநுனியில் சின்னச் சின்ன ஓட்டைகளை அவள் பார்க்காமல் இல்லை. கரப்பான் அரித்திருக்கும் என்று நினைத்து, துணிப் பெட்டியில் ரசகற்பூர உருண்டை போட்டு வைத்தாள்.

எல்லாம் வெளிப்பட்டது குளவியால்.

அன்றைக்கு ஆற்றோரத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே காற்று ஒருமாதிரி சுழன்று அடித்தது. திடீரென்று மேல் நிரையிலிருந்து, கூடக் கொழுந்தெடுக்கும் சுதர்ஷினியின் அலறல் கேட்டது. "குளவி கலைஞ்சிருச்சு! ஓடுங்க! ஓடுங்க!" கங்காணி விசிலை ஊதினார். பெண்கள் கூடையை வீசிவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடினார்கள். கிருஷாந்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறக் கிடந்தாள். புறங்கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று கொட்டிவிட்டது. நெருப்பாக எரிந்தது. இரைச்சல் ஓய்ந்ததும் எழுந்தாள். சுதர்ஷினிக்கு முகமெல்லாம் கொட்டி, ஒரு கண் மூடியே போயிருந்தது. அவளையும் இன்னும் சிலரையும் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தோட்டத்து மேனேஜரான துரை, மற்றவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கிருஷாந்திக்குப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. சாவு பக்கத்தில் வந்து உரசிவிட்டுப் போனால் அப்படித்தான் தோன்றும் போல. கழுத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி நடந்தாள். பால் கொடுக்கிற நேரத்தில் என்றால் தாய்மாரெல்லாம் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தம் வளைவுக்கு முன்னாலேயே பிள்ளைக்காம்பராவுக்குக் கேட்டுவிடும். இன்றைக்கு அவள் தனியாக, எந்த நேரமும் இல்லாத நேரத்தில் வந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். பெரிய பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. லோஜினி அடுப்படியில் பால் போத்தல்களைக் கழுவும் சத்தம் கேட்டது. மதுரன் ஜன்னலோரத் தொட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து வரியாகப் படிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் வாய் கோணியது. கால் இரண்டும் உதைத்தன. கை வரவில்லை.

அவனைத் தூக்கக் குனிந்தாள். அப்போதுதான் அவள் விரலில் அது தட்டுப்பட்டது. வாத்துச் சட்டையின் நீளக் கை இரண்டும் கீழே இழுக்கப்பட்டு, இடுப்போரத்தில் ஊக்கால் குத்தப்பட்டிருந்தன. பக்கத்துக்கு ஓர் ஊக்கு. கைநுனியில் கரப்பான் அரித்த ஓட்டை என்று அவள் நினைத்திருந்த அதே இடம். சட்டைக்குள் பிள்ளையின் முஷ்டி இரண்டும் மேலே வர வழியில்லாமல் துணியை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

குளவி கொட்டிய கை வீங்கியிருந்ததால் ஊக்கைத் திறக்க அவளால் முடியவில்லை. விரல் வழுக்கியது.

"கிருஷா!" லோஜினி ஈரக்கையோடு வாசலில் நின்றாள். "நீ எப்பிடி இந்த நேரத்துல?"

"இது என்னடி?"

"கத்தாத. புள்ளைங்க எழும்பிரும்."

"இது என்னன்னு கேக்குறேன்."

லோஜினி வந்து ஊக்குகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றும் ஒரு சொடக்கில் திறந்தது. எத்தனையோ தடவை செய்த கை அது.

"குத்தாதுடி, உள்ள படாமப் பாத்துத்தான் போடுவேன். துணியில மட்டுந்தான். நீங்க வாற நேரத்துக்குக் கழட்டிருவேன். வேற என்ன செய்யச் சொல்ற? ஒவ்வொரு நாளும் அவன் மூஞ்சியப் பாத்துட்டு நீ என் மூஞ்சியப் பாப்ப. வாயால ஒன்னும் சொல்ல மாட்ட. அதுல எனக்குச் சோறு எறங்காது."

"எத்தன நாளா?"

"சட்டை வந்ததுல இருந்து."

"எந்தச் சட்டை?"

"வினோஜன் அண்ணன் வாங்கிட்டு வந்தாரே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.

கிருஷாந்தி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். "சொல்லு," என்றாள்.

லோஜினி சொன்னாள். ஒரு மத்தியானம் வினோஜன் அந்தப் பக்கம் ஆட்கள் இறக்க வந்தவன், பிள்ளையைப் பார்க்க எட்டிப் பார்த்தானாம். மதுரன் கீறிக்கொண்டு வீறிட்டு அழுதுகொண்டிருந்தானாம். சட்டைக் கை நீளமாக இருந்தால் மடக்கி ஊக்குப் போட்டுவிடலாம் என்று லோஜினிதான் சொன்னாளாம். அவன் சட்டை வாங்கித் தருவதாகச் சொன்னானாம். "கிருஷாவுக்குத் தெரிய வேணாம்னு அவருதான் சொன்னாரு. தெரிஞ்சா அவ ஒத்துக்க மாட்டான்னு."

"அன்னைக்குக் கிளினிக்ல முன்னாலதானே ஒக்காந்திருந்த. நான் பேசப் பேசத் தலைய ஆட்டுனியே, லோஜி."

லோஜினி அழத் தொடங்கினாள். "ஒன் மொகத்தப் பாத்தேன்டி. அவ்வளவு சந்தோசமா இருந்த. எப்பிடிடி சொல்லுவேன்?"

கிருஷாந்தி எழுந்து நடந்தாள். பிள்ளையின் சட்டையைக்கூட மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுக்கையில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் வந்தது அவனுக்கு. சிணுங்கினான். கை பக்கத்திலேயே கிடந்தது. இப்போது யாரும் குத்தி வைக்கவில்லை, கை சும்மாதான் கிடந்தது, ஆனாலும் மேலே வரவில்லை. அவள் அந்தக் கையை எடுத்து வாயோரம் கொண்டுபோனாள். அது துணி மாதிரி நழுவிக் கீழே விழுந்தது. அமைதி, படிப்பு, பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று அவள் இத்தனை நாள் கொண்டாடியது இதைத்தான். தேடித் தேடி, கிடைக்காமல், பிள்ளை தேடுவதையே விட்டிருந்தான். ஊருக்கெல்லாம் அதைப் பாடமாக வேறு எடுத்துச் சொல்லியாயிற்று.

ஒரு புருசனும் ஒரு சிநேகிதியும் சேர்ந்து மறைத்தார்கள் என்றால் லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்படி ஏதாவது இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கலாம், ஊரே வந்து நியாயம் பேசியிருக்கும். இதை எந்தப் பெயர் சொல்லி யாரிடம் கொண்டுபோவது?

பொழுது சாயும் முன் வினோஜனின் ஆட்டோச் சத்தம் கேட்டது. குளவிச் செய்தி டவுன் வரை போயிருந்தது. "ஒனக்கு எங்க கொட்டுச்சு? காட்டு," என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். படுக்கையின் மேல் வாத்துச் சட்டை விரித்துக் கிடந்தது. கை இரண்டும் இடுப்போரம் மடக்கப்பட்டு ஊக்குக் குத்தியிருந்தது. வீங்கிய கையோடு கிருஷாந்திதான் குத்தி வைத்திருந்தாள்.

அவன் நின்றுவிட்டான். "அவ சொல்லிட்டாளா?" என்றான்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு ஒரு நூல் அளவு நம்பிக்கை மிஞ்சியிருக்கும்.

"கெட்டிக்காரின்னு சொன்னீங்களே, அன்னைக்குச் சாப்பிட்டுக்கிட்டு. அப்ப ஒங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா?"

"சிரிப்பா? என்ன பேசுற நீ? புள்ள ரத்தம் ஒழுகக் கெடந்தான். நீ அக்கரப்பத்தனைக்குப் போறேன்னு நின்ன. போனாத் திரும்பி வருவியோ மாட்டியோன்னு... மூஞ்சி ஆறுனா நீ போவ மாட்டன்னு நெனச்சேன். ஆறுச்சு. நீயும் சந்தோசமாத்தானே இருந்த?"

"என்னய ஏமாத்தித்தான் நான் சந்தோசப்படணுமா?"

"புள்ளைக்குக் கெடுதல் ஒன்னும் செய்யலையே."

அவள் மதுரனைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். அடுப்பங்கரையில் தொங்கிய கரண்டியை எடுத்துப் பிள்ளையின் முன்னால் பளபளவென்று ஆட்டினாள். பிள்ளை அதையே பார்த்தான். வினோஜனும் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதைப் பார்க்கச் சொல்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. பிள்ளையின் கையைத் தன் பெரிய விரலால் தொட்டுப் பார்த்தான். ஆட்டோவைத் துடைக்கப் போகவில்லை அன்றைக்கு, அங்கேயே நின்றான்.

மறுநாள் காலைப் பெரட்டில் பெண்கள் வேலைக்குக் கூடியபோது கிருஷாந்தி எல்லோர் முன்னாலும் சொன்னாள். தாய்மார் தன் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தாள்.

"பின்னுதானே குத்துனா, வெசமா குடுத்தா?" என்றாள் ஒருத்தி.

"அந்தப் புள்ள லோஜினி எவ்வளவு சுத்தமா வச்சிருக்கா. அவளப் போக்கிட்டா நம்ம புள்ளைங்கள யாரு பாக்குறது?" என்றாள் இன்னொருத்தி.

கிளினிக்கில் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் இவர்களும். கிருஷாந்தி நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அங்கிருந்தே ஜிப்ரியா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். மிஸ் கேட்டுவிட்டு, "அன்னைக்கு அவன் கை நீட்டாததக் கண்டும் நான் ஒங்களப் போக விட்டேனே தங்கச்சி," என்றார். பிள்ளையை உடனே கொண்டுவரச் சொல்லி, டொக்டரிடமும் காட்டினார். பயப்பட ஒன்றும் இல்லை, கையை விட்டால் பழையபடி வரும் என்றார்கள்.

அன்றைக்கே கிருஷாந்தி அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறினாள்.

அக்கா வீட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பாயில் கிடத்தி, பிள்ளையின் இரண்டு கையையும் அவன் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்து, விரலால் விரலைத் தொட வைத்தாள். நாள் போகப் போகக் கை அசைந்தது. ஒருநாள் கரண்டிக்கு நீண்டது. பிறகு ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் கண்ணுக்கு ஏறி, புருவத்தில் நீளமாக ஒரு கீறல் போட்டது. அக்கா பதறி ஓடிவந்தாள். கிருஷாந்தி அந்தக் கீறலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அப்புறம் விக்கி விக்கி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வினோஜன் வந்தான். முதல் தடவை அவள் பேசவில்லை. அடுத்த தடவை, பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்கத் தொடங்கியதும், "நீங்க பாருங்க," என்று எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அவனுக்கு வேர்த்தது. மதுரன் கன்னத்தைப் பிறாண்டினான். வினோஜனின் கை சட்டென்று அந்தக் கையை அமுக்கப் போனது. அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். உள்ளங்கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தான். கையை வாயோரம் திருப்பினான். மறுபடி திருப்பினான். அழுகை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தான், ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் பிள்ளை தன் விரலை வாயில் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

வினோஜன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிற முகம். கெட்டிக்காரன் என்கிற அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை.

"எப்ப வீட்டுக்கு வாற?" என்று கேட்டான்.

"வருவேன். புள்ளைக்கு அப்பன் வேணும். ஆனா நீங்க இனிமே ஒன்னு வாங்கிட்டு வந்தாலும் நான் அதப் பெரட்டிப் பெரட்டித்தான் பாப்பேன். அதுக்கு என்னயத் திட்டாதீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கீழ்க்கணக்குக்கு அவள் திரும்பி வந்தபோது பிள்ளைக்காம்பராவில் லோஜினிக்குப் பதில் புது ஆளையும், உதவிக்கு இன்னொருத்தியையும் போட்டிருந்தார்கள். லோஜினி கொழுந்து எடுக்க வந்துவிட்டாள். பழக்கமில்லாத கையில் செடி கிழித்து, விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. ஒருநாள் பக்கத்து நிரையில் நின்று, "கிருஷா, மதுரன் நல்லா இருக்கானா?" என்று மெல்லக் கேட்டாள்.

கிருஷாந்தியின் கை கொழுந்து எடுப்பதை நிறுத்தவில்லை. "நல்லா இருக்கான்," என்றாள். அவ்வளவுதான். கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.